டாக்டரம்மாவின் பதினொரு விதைகள்

காயத்துக்குக் கட்டுப்போடும் மெல்லிய துணியில் தைத்த ஒரு சின்னப் பை, சிவப்பு நூல் சுருக்கோடு, என் தகரப்பெட்டியில் வெகுகாலம் கிடந்தது. ஒரு காலத்தில் டாக்டரம்மா ஒரு பூவுக்குக் கட்டிய பை அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்கு நாற்றங்கால் மேற்பார்வை. அவர் தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டர். போடியில் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். தோழி ஒருத்தி ஜப்பானிலிருந்து அனுப்பிய, பியோனி என்ற குளிர்நாட்டுப் பூச்செடியின் இரண்டு கிழங்குகளை, பனியில் புல் வெளுத்துக் கிடக்கும் மேட்டில் நட்டு, பூவுக்காக நாலு வருஷம் காத்திருந்தார். ஒன்று அடுக்கில்லாத சிவப்பு. மற்றது வெள்ளை, அகன்ற இதழ்களுக்கு நடுவே மகரந்தத்தண்டுகள் எல்லாம் பொன்னிற நாடாக்களாகி நிற்கும். ஜப்பான்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து உண்டாக்கிய அழகு அது என்பார். நாடாவானதில் மகரந்தம் சரிவரத் தேறாது. ஆகவே வெள்ளையைத் தாயாக்கி, சிவப்பின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டுவைத்து, தேனீ நுழையாமல் இந்தப் பையைக் கட்டினார். பதினொரு விதைகள் கிடைத்தன. இரண்டின் சாயலும் கொண்டு, இந்த மலைக்கே சொந்தமான ஒரு பூ வேண்டும் அவருக்கு. வேறெதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. விதைகளை அந்தப் பையோடு என்னை நம்பித் தந்தார்.

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஏல விதை இரண்டு மாதத்தில் முளைகாட்டிவிடும். காட்டாத பாத்தியைக் கொத்திப் புரட்டிப் புது விதை போடுவது எங்கள் வழக்கம். நாலு மாதமாகியும், டாக்டரம்மாவின் விதைகளை ஊன்றிய பாத்தி மொட்டையாகவே கிடந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றுகூடத் தோன்றாமல் மண்வெட்டியைப் போட்டேன். பக்கத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த ராசிங்காபுரத்து அக்கா கத்தினார்: "ஏ அப்பு, நிப்பாட்டுங்க! இங்க பாருங்க, வேரு விட்டிருக்கு!" ஒவ்வொரு விதையிலும் விரல் நீளத்துக்கு வெள்ளை வேர். பியோனி முதலில் வேரை மட்டும் இறக்கும், ஒரு குளிர்காலம் கழிந்த பிறகே வெளியே தலைகாட்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆறு விதைகள் துண்டாகியிருந்தன.

அவற்றை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அஞ்சு பொழச்சிருக்குல்ல? வெரசாப் போயி மண்ண மூடுங்க தம்பி. இனி அந்தப் பக்கம் மண்வெட்டியோட பாத்தேன், ஊசி போட்ருவேன்" என்றார்.

பனிக்காலம் முடிந்ததும் ஐந்து சிவந்த முளைகள் வந்தன. பூக்கும் முன்பே அவர் போடிக்கு வேலை மாறிப் போனார். மலைக்குக் கீழே அடிக்கும் வெயிலை அந்தச் செடி தாங்காது. "நீங்களே பாத்துக்கங்க" என்று, வெட்டிய என்னிடமே விட்டுப் போனார்! திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

ஐந்தாம் வருஷம் ஒன்று பூத்தது. வெளிர்ரோஜா இதழ்கள், நடுவே பொன் நாடாக்கள், அவற்றின் நுனியில் மட்டும் சிவப்பு. காம்பில் ஈரப்பாசியைச் சுற்றி, ஏலக்காய் லோடு ஏற்றிய ஜீப்பில் போடிக்குக் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்தவர் சிரித்தார், அழுதார். ஜப்பானில் ரகத்துக்கு ரகம் பெயர் வைப்பார்களாமே, இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"மண்வெட்டிக்குத் தப்புனவ" என்றார். செடிகளுக்கென்று வைத்திருந்த நோட்டிலும் அப்படியே எழுதினார்.

போன வருஷம் அவளுக்கும் சிவப்பின் மகரந்தத்தைத் தொட்டுவைத்து, இதே பையைக் கட்டினேன். ஏழு விதைகள் தேறின. போட்டு ஐந்து மாதமாகிறது, பாத்தி மொட்டையாகத்தான் கிடக்கிறது. மண்வெட்டியை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை என் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டேன்.