தங்கதுரை மேஸ்திரியின் மூச்சுக் குழாய்கள்

தங்கதுரை மேஸ்திரி குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து ஊதுகிறார். மறுமுனையில் உள்ளங்கையைப் பிடித்திருக்கிறார். கை குளிர்ந்தால் வழி திறந்திருக்கிறது, கன்னம் உப்பினால் அடைத்திருக்கிறது. பிறகு குழாய் நுனியை நாக்கால் தொட்டுவிட்டுத் துப்புகிறார். "பிரேக் ஆயிலுங்க. லேசா தித்திக்குது பாருங்க" என்று என் பக்கம் நீட்டுகிறார். நான் புளி வியாபாரி. தித்திப்பைப் பற்றி எனக்குக் கருத்தில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஏரிக்கரைக்குச் சற்று முன்னால் இருக்கிறது அவருடைய தகரக் கொட்டகை. கைலியை மடித்துக் கட்டி, அதற்குக் கீழே காக்கி அரைக்கால் சட்டை தெரிய நடமாடுவார். ஸ்பேனரைக் காதுக்குப் பின்னால் செருக முடியாது என்று தெரிந்தும் தினம் ஒரு தடவையாவது முயன்று பார்ப்பார். தன்னைப் பற்றிப் பிறர் கேலி பேசுவதற்கு அவர் இடமே வைப்பதில்லை, அந்த வேலையையும் அவரே செய்துவிடுகிறார். "நம்ம கை ராசியான கைங்க. எத தொட்டாலும் ரெண்டு தபா தொடணும்" என்பார். அவர் மனைவி ராஜாம்பாள், "ரெண்டு தபாவோட முடிஞ்சா நல்ல நாளுங்க" என்று திருத்துவாள்.

என்னுடைய வண்டி, ஒரு காலத்தில் ராணுவத்தில் இருந்த லாரி. ஏலத்தில் எல்லோரும் ஒதுங்கி நின்றபோது நான் மட்டும் கை தூக்கினேன். ஆறுகளிலும் குளங்களிலும் இறங்கி ஏறுவதற்கென்று செய்த வண்டி அது. பிரேக் சிலிண்டர், கியர் பெட்டி, அச்சு எல்லாவற்றிலிருந்தும் மெல்லிய குழாய்கள் கிளம்பி மேலே உயரமான இடத்துக்குப் போகும். வண்டி தண்ணீரில் முங்கினாலும் உள்ளே தண்ணீர் புகாமல் மூச்சு விடுவதற்கு. ஒன்றுக்கும் உதவாமல் ஊர்சுற்றும் குழாய்கள் என்று அவற்றைப் பிடுங்கிப் போடச் சொன்ன மேதை நான். பிடுங்கியவர் தங்கதுரை.

பலன் ஆடி மாதத்தில் தெரிந்தது. மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து கடுக்காய் மூட்டைகளோடு இறங்கிய லாரி ஓடையைத் தாண்டியது. தாண்டிய இரண்டாவது வளைவில் பிரேக் மிதி தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது. மூட்டைகளின் மேல் சந்தைக்குப் போகிற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் சடையன் வண்டியை மலைச்சரிவில் உரசி நிறுத்தியதால் எல்லோரும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு மலைக்காரர்கள் என் வண்டியைக் கண்டால் மரியாதையாக ஒதுங்கி நடந்தே போகிறார்கள். பிரேக் பார்த்தது யார் என்ற கேள்விக்கு மலை முழுக்க ஒரே பதில், தங்கதுரை. அந்தப் பதில் அவரைத் தின்றுகொண்டிருந்தது. "பழைய மேரியே எல்லாக் கொயாயும் பூட்டித் தர்றேன் மொதலாளி. இதுல சரியாவலைன்னா நான் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போயிடுறேன்" என்றார். அதுவரை அவர் சிரிக்காமல் சொன்ன ஒரே பேச்சு அதுதான்.

வேலை ஆரம்பித்த நேரம் எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். சாலை நெடுகப் புளிய மரங்கள் சாய்ந்து கிடந்தன. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்று வந்த சேதிகளைக் கேட்டு ஊர் கதவை அடைத்துக்கொண்டிருந்தது. பச்சை லாரியை வெளியே எடுத்தால் பட்டாளம் வந்துவிட்டது என்று ஊரே கலையும் என்றார்கள். சடையன் கரியாலூரில் மாட்டிக்கொண்டான். நான் கொட்டகையில் ஒரு டின்மேல் உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொட்டகைத் தரை ஒரே சேறு. கழற்றிய குழாய்களை அதில் வைத்தால் மண் புகுந்துவிடும். தங்கதுரை வெளியே எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் மரம் கிடக்க, நடுவில் தார்ச்சாலை துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. "கவருமெண்டே நமக்கு பட்டறை கட்டிக் குடுத்துகீது" என்று சாக்கட்டியால் சாலையில் ஒரு லாரியை வரைந்தார். எந்தக் குழாய் எந்த இடத்தில் இருக்கவேண்டுமோ அங்கங்கே அடுக்கி வைத்தார். பிரேக் குழாய் ஒரு வரிசை, மூச்சுக் குழாய் ஒரு வரிசை. மத்தியானம் அந்தச் சாக்கட்டி லாரியில் டிரைவர் சீட் இருக்கும் இடத்தில் சம்மணம் போட்டுச் சோறு தின்றார். இவ்வளவு ஒழுங்காக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

மறியல் முடிந்த காலையில் ஊர்க்காரன் பூமாலை தன் டிராக்டரோடு வந்து மரத்தில் சங்கிலி மாட்டினான். ஊரார் வேலை என்றால் தங்கதுரையால் சும்மா இருக்க முடியாது. ஓடிப்போய் முன்னால் நின்றுகொண்டார். டிராக்டரைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து, "வா வா, லெப்ட்ல ஒடி, அப்டியே வா" என்று கை காட்டினார். அப்படியே வந்தது. முழுப் புளியமரமும் கிளைகளோடு அவருடைய சாக்கட்டி லாரியின் மேல் ஏறி, எல்லாக் குழாய்களையும் வாரிச் சுருட்டிக் கொட்டகைக்கு அப்பால் கொண்டுபோய்க் குவித்தது. நான் டின்மேல் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். நான்தான் முதலாளி.

தங்கதுரை அந்தக் குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இத வேற எவனாச்சும் பண்ணியிருந்தா அவன வுட்டிருப்பனா?" என்றார். பிறகு தூசி போக எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினார். கழுவி முடித்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தபோதுதான் அவருக்கு உறைத்தது. பிரேக் குழாயும் மூச்சுக் குழாயும் ஒரே பருமன், ஒரே மரை. இப்போது ஒரே ருசியும்கூட. "நாக்கு ஒண்ணு ஒழுங்கா இருந்துது. அதையும் நானே கெடுத்துக்கினேன்" என்று வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். பிரேக் குழாய் மூச்சுக்குப் போனால் பரவாயில்லை, மூச்சுக் குழாய் பிரேக்குக்குப் போனால் மிதித்த மிதியில் வெடிக்கும். ஒவ்வொன்றாக வளைவு பார்த்து, வாய் விளிம்பின் தடிமன் தடவி, பூட்டி, கழற்றி, மறுபடி பூட்டினார்.

பிரேக் குழாய்க்குள் மாட்டிய காற்றை வெளியேற்றும் வேலைக்கு எப்போதும் ராஜாம்பாள்தான். அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவாள். அடியிலிருந்து "மிதி" என்பார், மிதிப்பாள். "வுடு" என்பார், விடுவாள். நடுநடுவே, "கல்யாணம் ஆன நாளா இதே ரெண்டு பேச்சுதாங்க" என்று என்னிடம் முறையிடுவாள். சாயங்காலம் மிதி கல்போல நின்றது.

ஆனால் தரையில் ஒரு குழாய் மிச்சம் இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அது பூமாலையின் டிராக்டரிலிருந்து விழுந்தது என்று மறுநாள் தெரிந்தது. அன்றைக்கு யாருக்குத் தெரியும்? தங்கதுரை லாரியின் அடியில் தவழ்ந்து தேடினார், அதற்கு இடமே இல்லை. "வண்டி ஓட ஓட எடம் தானா தெரியுங்க" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும்தான்.

பிரேக் வேலை முடிந்தால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏரிக்கரை இறக்கத்தின் அடியில் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று பீடி பற்றவைப்பார். திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்குவார். வண்டி மேலிருந்து இறங்கி அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கவேண்டும். சடையன் இல்லாததால் அன்று ஓட்டவேண்டியவன் நான். "வோணாம் மேஸ்திரி, ஒரு கல்ல வெச்சுப் பாக்கலாம்" என்றேன். "கல்லு இன்னாங்க பண்ணுச்சு? பூட்டுனது நானு" என்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மிச்சக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ராஜாம்பாள் முந்தானையைச் செருகிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். "நீ எங்கம்மா போற?" என்றேன். "மிதிச்சது என் காலுங்க" என்றாள்.

மேலிருந்து பார்த்தேன். அவர் முதுகைக் காட்டி நின்றார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். அவர் ஓரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். அவள் நகரவில்லை. பீடி கீழே விழுந்தது. கையைத் தூக்கினார்.

வண்டியை விட்டேன். பாதி இறக்கத்தில் அவர் திரும்பிவிட்டார். எத்தனையோ வண்டிகளுக்கு முதுகைக் காட்டிய மனிதர் என் வண்டியை நேராகப் பார்த்தார். அந்த மிச்சக் குழாயைப் பிடித்திருந்த கை அவளுக்குக் குறுக்கே நீண்டது. மிதித்தேன். மிதி தாழவில்லை, லாரி முக்கி நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு நான் இறங்கி வந்தேன். வண்டி நின்றுவிட்டதென்று ராஜாம்பாள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். குழாயோடு நீண்ட அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.