அரைக் கிலோ குறைத்த மெஷின்

எண்பதுகளின் தொடக்கம். வந்தவாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பிசிக்ஸ் வாத்தியார். மனைவிக்கு ஊர் ஆரணி. அவள் வீட்டில் எல்லோரும் பட்டுத்தறியில் உட்கார, அண்ணன் மட்டும் பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் இறங்கியதுமே, "மாப்ள, சாப்பாடு அப்புறம். ஜல்தியா கிளம்புங்க. பூமியோட இழுப்பைக் குறைக்கிற மெஷின் செஞ்சிருக்கேன்," என்று என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார்.

போனது அவருடைய சிநேகிதரின் ரைஸ்மில்லுக்கு. உத்தரத்தில் ஒரு ஸ்பிரிங் தராசு தொங்கியது. அதன் கொக்கியில் படுக்கைவாட்டில் ஒரு சைக்கிள் சக்கரம், நடுவில் மோட்டார். மொத்தமும் திரும்பிவிடாமல் இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தது. சக்கரம் உறுதியாக இருக்கட்டும் என்று கம்பிகளுக்கிடையே தகரப் பட்டைகளைச் சாய்வாகச் செருகியிருந்தார். கார் பேட்டரியில் ஒயரை வைத்ததும் சக்கரம் சுழன்றது. முள் எட்டுக் கிலோவிலிருந்து ஏழரைக்கு இறங்கி அங்கேயே நின்றது. மில்காரர் கைதட்டினார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. படித்ததெல்லாம் தப்பாகப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் தரையைப் பார்த்தேன். சக்கரத்துக்குக் கீழே கிடந்த உமி நாலாபக்கமும் பறந்துகொண்டிருந்தது.

"மச்சான், ஒயரை மாத்திக் கொடுங்க. சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தட்டும்."

கொடுத்தார். முள் எட்டரைக்குப் போனது.

ஒயரை எடுத்தார். சக்கரம் நின்றதும் தகரப் பட்டையின் சாய்வைத் தடவிப் பார்த்து, "அப்ப நான் செஞ்சது ஃபேனா?" என்றார்.

"ஆமா. முதல்ல இது காத்தைக் கீழ தள்ளுச்சு, காத்து இதை மேல தள்ளுச்சு. மாத்திச் சுத்தினதும் எல்லாம் தலைகீழ். இழுப்பு அப்படியேதான் இருக்கு."

"நெசமாவே குறைக்க முடியாதா?"

"நமக்குத் தெரிஞ்ச விதிப்படி முடியாது. காந்தம் இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். பூமிக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். அதைத் தடுக்கிற தட்டு ஒண்ணு இருந்தா, நிமிர்ந்து நிக்கிற ஒரு சக்கரத்துல பாதிக்குக் கீழ வெச்சாப் போதும். அந்தப் பாதி லேசாயிடும், மத்தப் பாதி இறங்கும். சக்கரம் தானா சுத்திகினே இருக்கும்."

மில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரண்ட் இல்லாமலே மில்லு ஓடும்னு சொல்லுங்க."

"சும்மா சக்தி எங்கயும் கிடைக்காதுங்க. அதனாலதான் அந்தத் தட்டும் கிடையாது."

மச்சானின் முகம் வாடிவிடுமோ என்று பயந்தேன். அவரோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த வருஷப் பொங்கலுக்கு மொத்தக் குடும்பமும் கூடியிருந்தபோது கதையை அவரே எடுத்தார். அவர் சொன்னபடி, எடை குறைக்கிற மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வந்து கை வைத்ததும் எடையைக் கூட்ட ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் திருத்தப் போகவில்லை.