ஈப்போ சந்தையில் ஒரு மாண்டரின் வாக்கியம்

சந்தையை விட்டு வெளியே வந்து பஸ்ஸில் ஏறும்போதுதான் தர்ஷினி இல்லை என்று தெரிந்தது. ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை. என் மாண்டரின் வகுப்பில் படித்தவள்.

ஈப்போவுக்குப் பக்கத்தில், சிம்பாங் பூலாய்க்கு உள்ளே, ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறது எங்கள் தமிழ்ப்பள்ளி. நான் லகாட்டில் சீனக் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்து, சீனப் பள்ளியில் படித்தவள். அதனால் தலைமையாசிரியர் அந்த வருடம் ஒன்றாம் ஆண்டுக்கு மாண்டரின் நடத்தச் சொன்னார். பெற்றோர் கூட்டத்தில் எதிர்ப்பு கிளம்பியது. முதலில் எழுந்தவர் தர்ஷினியின் அப்பா முருகையா. லாரி ஓட்டுகிறவர்.

"தமிழு, மலாய், இங்கிலீஷு, மூணுக்கே பிள்ளைக்கு மூச்சு முட்டுது டீச்சர். இதுல சீனம் வேறயா? பாட்டுதான் பாடிக்கிட்டு வருது, பேச்சு ஒண்ணயும் காணோம் லா."

அவர் சொன்னதில் பொய்யில்லை. பிள்ளைகள் நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள், அவ்வளவுதான். வருடக் கடைசிவரை பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியர். பழங்களை நேரில் பார்த்து மாண்டரினில் பெயர் சொல்லட்டும் என்று இந்த ஈப்போ பயணத்தைக் கேட்டு வாங்கியதும் நான்தான்.

உடன் வந்த சரளா டீச்சரிடம், "பஸ்ஸுல இருக்கிற பிள்ளைங்கள நீங்க பாத்துக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். மீன் பகுதியில் தரை வழுக்கியது. பழக்கடைகளில் கேட்டேன், காய்கறிப் பக்கம் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. முருகையாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வகுப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பிள்ளை கிடைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டே நடந்தேன்.

ஒரு கருவாட்டுக் கடையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சோயாபால் குடித்துக்கொண்டிருந்தாள் தர்ஷினி. பக்கத்திலிருந்த பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்கதான் லாவ்ஷியா?" என்று மாண்டரினில் கேட்டார் கடைக்காரச் சீன அம்மா. லாவ்ஷி என்றால் ஆசிரியர்.

நான் தலையாட்டியதும் அவரே தொடர்ந்தார். "மலாய்ல கேட்டேன், அழுதுச்சு. அப்புறம் அதுவே மாண்டரின்ல வணக்கம் சொல்லிச்சு. பேரு சொல்லிச்சு. கழிவறைக்குப் போகலாமான்னு கேட்டுச்சு. கூட்டிட்டுப் போனா, வேணாம்னு தலையாட்டுது. கடைசியா, 'லாவ்ஷி பூ ஜியென் லே'ன்னு சொல்லிச்சு. சரி, தேடி வருவாங்கன்னு உக்கார வெச்சேன்."

'லாவ்ஷி பூ ஜியென் லே' என்றால், ஆசிரியரைக் காணோம் என்று அர்த்தம்.

மற்றதெல்லாம் வகுப்பில் படித்தவை. அந்த வாக்கியத்தை மட்டும் நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. வகுப்பில் பொம்மைப் பூனையை ஒளித்துவைத்து, 'மாவ் பூ ஜியென் லே' என்று பாடுவோம். பூனையைக் காணோம் என்பது அது. தர்ஷினி பூனையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை வைத்திருக்கிறாள்.

"ஏம்மா, மலாய்ல சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"அவங்க சீன ஆன்ட்டி டீச்சர். சீனம்தான பேசணும்?" என்றாள்.

பள்ளிக்குத் திரும்பியதும் முருகையாவை வரச்சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டார். திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவரோ மகளிடம், "சந்தையில என்னம்மா சொன்ன, அப்பாவுக்கும் சொல்லு" என்றார். அவள் சொன்னாள். அர்த்தத்தை நான் சொன்னேன்.

"அப்ப இவளப் பொறுத்தவரைக்கும் தொலைஞ்சது நீங்கதான் டீச்சர்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வகுப்பு அடுத்த வருடமும் நடந்தது.

சின்னப் பிள்ளைகளுக்குப் புதுமொழி சொல்லித்தரும் இளம் ஆசிரியர்கள் எதில் தொடங்குவது என்று என்னைக் கேட்பார்கள். காணோம், வேணும், வலிக்குது, பயமா இருக்கு. இவற்றை முதலில் கொடுங்கள் என்பேன். நிறங்களும் கிழமைகளும் கொஞ்சம் தள்ளி வந்தால் ஒன்றும் ஆகாது.