என் கம்ப்யூட்டரில் மட்டும் திறந்த ரிப்போர்ட்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் நான் தரப் பரிசோதகராக இருந்தேன். நாங்கள் அனுப்பும் லோடு, கார் தொழிற்சாலைக்குள் நுழைய, பரிசோதனை ரிப்போர்ட் முதலில் மெயிலில் போய்ச் சேர வேண்டும்.

அன்று மெயில் அனுப்பிய பிறகு, லாரி டிரைவர் முருகேசண்ணன் போன் செய்தார்.

"இன்னாம்மா, ரிப்போர்ட் தொறக்கலன்னு கார் கம்பெனி கேட்டாண்டயே வெயில்ல நிக்க வெச்சிகினு கீறாங்க. பார்ட்டு இல்லாம உள்ள லைனே நிக்கப் போவுதாம்!"

ரிப்போர்ட்டைக் கிளிக் செய்து பார்த்தேன், திறந்தது. மறுபடி அனுப்பினேன். மூன்றாவது தடவையும் அதே புகார்தான்.

"எனக்கு நல்லாத் தொறக்குதே! அவங்க கம்ப்யூட்டர்தான் சரியில்லண்ணே" என்று கத்தினேன்.

எங்கள் சூப்பர்வைசர் என் திரையை எட்டிப் பார்த்தார். "இத்தனை பக்க ரிப்போர்ட்டோட சைஸ் எப்படிம்மா ஒரே ஒரு கேபி இருக்கும்?"

மூன்று முறையும் நான் மெயிலில் இழுத்துப் போட்டது டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டை. ரிப்போர்ட் இருக்கும் இடத்தைக் காட்டும் வெறும் குறி அது. ரிப்போர்ட் என் கம்ப்யூட்டரை விட்டு நகரவே இல்லை.

இப்போதெல்லாம் எதையும் முதலில் எனக்கே அனுப்பி, பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கிறேன். 'எனக்குத் திறக்கிறதே' என்று சொல்வதே இல்லை. அன்று வெயிலில் நின்றது நான் இல்லையே.

— செல்வி, சேரப்பணஞ்சேரி