நாவூறு

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மரக்கறிக்கடை வைத்திருந்த அந்த மனிதரை நான் ஒருநாளும் மதித்ததில்லை. அழுக்குக் குல்லாய், சவரம் செய்யாத முகம். யாராவது தன் மகனைப் புகழ்ந்தால் நாவூறு படுமென்று பயந்து, உடனே அவனைக் குறை சொல்வார். படிப்பில்லாத பயம் என்று நினைத்துக்கொள்வேன்.

மகன் லா கூர்னெவ் புறநகர் அணியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினான். முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்களை முட்டி ஓடுவதை ஒரு விளையாட்டென்றே நான் ஒப்பவில்லை. ஒரு நாள் அவனுடைய பயிற்சியாளர் கடைக்கு வந்தார். அணியின் முதல் ஓட்டக்காரனாக இறங்க அவன் தயாரா, தகப்பன் என்ன நினைக்கிறார் என்று கேட்டார். ஊரில் வாத்தியாராக இருந்த, பிரெஞ்சு தெரிந்த நான் மொழிபெயர்க்க இடையில் நின்றேன்.

"அவனோ, மாஸ்டர்? சின்னப் பொடியன். ஒழுங்கா ஓடவும் தெரியாது," என்றார் கடைக்காரர் என்னிடம், முகமெல்லாம் பூரிப்பாக.

அந்தப் பேச்சின் பொருள் எனக்குத் தெரியும். இருந்தும் சொல்லுக்குச் சொல் அப்படியே பிரெஞ்சில் சொல்லிவிட்டு, மனதுக்குள் சிரித்தேன். பயிற்சியாளர் வேறொருவனை இறக்கினார். இவன் அந்தப் பருவம் முழுவதும் மைதானத்து ஓர வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, விளையாட்டையே விட்டான். நான் செய்ததை அவர்களிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பிறகொரு நாள் முருங்கைக்காயை நிறுத்தபடி கடைக்காரர் சொன்னார்: "என்ரை பொடியன் நல்லா ஓடுவான், மாஸ்டர்."

அவர் மகனைப் புகழ்ந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. இனிப் பயப்பட அவருக்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.