பிரஷர் ஏறினால் மகன் பேசுவான்

அம்சம் அம்மாளுக்கு பிரஷர் உண்டு. மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய் அளந்து பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றியிருக்கும் ஊர்களில் 'மாத்திரைக்காரி விண்ணரசி' என்றால் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் வாய்த்துடுக்கு என்றும் சொல்வார்கள்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் ஒரே மகன் தமிழ்மாறனை இன்ஜினியராக்கியவர் அம்சம் அம்மாள். அவன் பெங்களூரில் இருக்கிறான். நாட்டில் யார் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவர்களுடைய மருத்துவ விவரம் அங்கே கிடைக்கும்படி பெரிய ஏற்பாடு நடக்கிறதே, அதற்கு ஆப் செய்து தரும் கம்பெனியில் வேலை. நான் அளந்ததைப் பதியும் ஆப்பும் அவர்கள் செய்ததுதான். "என் மவன் செஞ்சது" என்று என் போனைத் தடவிப் பார்ப்பார். செய்தவனுக்கு மட்டும் அம்மாவிடம் பேச நேரம் கிடையாது.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு பழக்கம். கையில் சொந்தப் போன் இருந்தாலும், நம்பர் கேட்டால் மகன் நம்பரைத்தான் சொல்வார்கள். இவரும் ஆப்பில் அப்படியே கொடுத்திருந்தார். பிரஷர் ஏறினால் எச்சரிக்கை அவனுக்குப் போகும். ஒரு மாதம் ஏறியது. அன்று சாயங்காலமே கூப்பிட்டு, உப்பைக் குறை, வெயிலில் நிற்காதே என்று வெகுநேரம் பேசியிருக்கிறான்.

அதற்குப் பிறகு மாதாமாதம் ஏறியது. ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்த்துச் சத்தம் போட்டேன். கடைசியில் பார்த்தால், நான் கொடுத்த மாத்திரையெல்லாம் அட்டை பிரிக்காமல் அரிசி டின்னுக்குள் கிடந்தது. வந்ததே எனக்குக் கோபம்.

"வாதம் வந்து படுத்துட்டீங்கன்னா யாரு பாக்குறது?"

"அவன் வருவான்ல" என்றார்.

வெளியே வந்து தமிழ்மாறனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பதறிப்போனான். "நான் பாத்துக்குறேன்க்கா" என்றான்.

சொன்னபடி பார்த்துக்கொண்டான். நல்ல பிள்ளைதான். குறுவை நடவு முடிவதற்குள் கம்பெனியில் பேசி ஆப்பையே மாற்றிவிட்டான். இனி பிரஷர் சரியாக இருந்தாலும் பிள்ளைகளுக்குச் செய்தி போகும். இதைச் சொன்னதும் அம்சம் அம்மாள் ஒருநாள் விடாமல் மாத்திரை போட்டார்.

அந்த மாதம் அளந்தேன். அவ்வளவு நன்றாக அவருக்கு இருந்ததே இல்லை. செய்தி போனது. அவர் தன் போனை மடியில் வைத்துக்கொண்டார். நானும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னச் சத்தம். மகன் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தான்.

"இதுக்கப்புறம் பேசுவானா?"

"வேலையா இருப்பாரும்மா."

ஆப்பில் கடைசியாக ஒரு கேள்வி உண்டு. கேட்காமல் முடிக்க விடாது. "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டேன். எப்போதும் இல்லை என்பவர், அன்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அவனைக் கண்ணு தேடுது, விண்ணரசி. அதெல்லாம் அதுல போடலாமா?"

"போடலாம்மா" என்றேன். அவர் சொன்னதை அப்படியே தட்டி அனுப்பினேன்.