ஒருவருக்கும் பிணை நிற்காத செல்வராணி ரீச்சர்

செல்வராணி ரீச்சர் போய்விட்டார் என்ற செய்தி பள்ளிக்கூட வைபர் குழுவில் வந்தபோது, மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அன்று சாப்பிடவில்லை. கரவெட்டியில் அவரோடு படிப்பித்து, ஒரே ஆசிரியர் ஓய்வறையில் இருந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவருடைய வாய்க்குப் பயப்படாதவர் நம்மில் ஒருவருமில்லை.

எங்கள் பக்கத்தில் ஆசிரியர்களுக்கென்றே ஒரு தலையிடி உண்டு. மாதச் சம்பளம் நிச்சயம் என்பதால், கடன் எடுக்கிற சொந்தக்காரர் எல்லாரும் பிணைக் கையெழுத்துக்கு எங்களிடம்தான் வருவார்கள். மறுத்தால் நம் வீட்டு நன்மை தீமைக்கு வரமாட்டார்கள். நாங்களும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். செல்வராணி ரீச்சர் மட்டும் போடமாட்டார். கூடப்பிறந்த தம்பிக்கே மறுத்தவர். அவன் அவருடைய மகளின் கலியாணத்துக்கு வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் கதைத்ததை இப்போது மறைத்து என்ன?

மச்சான் முறையான ஒருவன் லீசிங் கம்பனியில் தவணைக்கு வான் வண்டி எடுக்க நான் பிணை நின்றேன். அவன் தவணை கட்டாமல் கனடா போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியாது. அப்போது என் வீடு சுவரோடு நின்றது. கூரை ஏறாவிட்டால் பிள்ளைகளோடு இன்னொரு மாரியும் தகரக் கொட்டிலில்தான். கூரைக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், என் கடன் அறிக்கை பழுதாகிக் கிடக்கிறது, கடன் தர நம்பிப் பார்க்கிற புள்ளி விழுந்துவிட்டது என்றார்கள். ஒரு சதம் கடன்படாதவள் நான். தவணை தவறினால் பிணை நின்றவரின் பேரும் கெடும் என்று அன்றுதான் அறிந்தேன்.

ஓய்வறையில் இருந்து அழுதேன். எல்லாரும் மச்சானை ஏசினார்கள். செல்வராணி ரீச்சர் நான் அழுது முடியும்வரை பார்த்திருந்தார்.

"அவனை ஏசினாப்போலை புள்ளி ஏறாது. உம்மடை பேரை நீர்தான் மீட்க வேணும்."

அந்தக் கிழமையே என்னை வல்வெட்டித்துறைக்கு, மச்சானின் தாய் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். தன்மையாகத்தான் கதைத்தார். நிலுவையில் பாதியை அவர்கள் கட்டினார்கள். மீதிக்கு என் தங்கக் காப்பு விலைபோனது. கடன் தீர்ந்தது பதிவாகியிருக்கிறதா என்று என் அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்க்க வைத்ததும் அவர்தான். தீர்ந்தாலும் பழைய பிந்தல் உடனே மறையாது, பொறும் என்றார். புள்ளியை ஏற்றவென்றே சின்னக் கடனொன்று எடுத்து, தவணைக்கு முந்தியே கட்டி வந்தேன். இரண்டு மாரி தகரத்தின் கீழ் போனது. ரீச்சரையும் மனதுக்குள் ஏசியிருக்கிறேன்.

கடைசியில் வங்கி ஓம் என்றது. பிணைக்கு ஆள் கேட்டது. ஓய்வறையில் மற்ற எல்லாருடைய பேரும் ஏற்கெனவே யாருக்காவது பிணையில் அகப்பட்டிருந்தது. ரீச்சரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே வந்து பத்திரத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். கையெழுத்தை வைத்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாருக்கும் போட்டிருந்தால் இண்டைக்கு உமக்குப் போட என்னட்டை என்ன இருந்திருக்கும்?"

அந்த மாரிக்கு நாங்கள் ஓட்டுக்குக் கீழே படுத்தோம்.

செத்தவீடு முடிந்த பிறகு வங்கியில் அவருக்குப் பதிலாக வேறு பிணையாளரைத் தரச் சொன்னார்கள். சரி என்றேன். ஆனால் இத்தனை வருடமும் நான் பயந்தது வங்கிக்கல்ல. ஒரு தவணை பிந்தினாலும் ரீச்சரின் பேர் கெட்டுவிடுமே என்றுதான் பயந்தேன். இனி அந்தப் பேர் கெட வழியில்லை, எனக்கும் தெரியும். இந்த மாதத் தவணையையும் முந்தியே கட்டினேன். அவர் எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம்தான். அதைப் போக விடமாட்டேன்.